தோட்டாவை அளந்த கைகள்

பாவூர்சத்திரத்துக்கும் கீழப்பாவூருக்கும் இடையே எந்தத் தெருவில் நுழைந்தாலும், மத்தியான வேளையில் மடியில் பீடித்தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தகட்டை வைத்து இலையை ஒரே அளவில் வெட்டுவார்கள். தூளை விரல் நுனியாலேயே நிறுத்து, சுருட்டி, வாயை மடக்கி, நூலைக் கட்டிவிடுவார்கள். ஒன்றில் தூள் கூடினாலோ குறைந்தாலோ கடைக்காரர் கழித்துப் போட்டுவிடுவார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகத்துப் படைகளின் தோட்டாக்கள் பிறந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். காகிதத்தை அளவாக வெட்டி, உள்ளே அளந்த வெடிமருந்தும் ஒரு ஈயக் குண்டும் வைத்து, சுருட்டி, முனையை மடக்கி நூலால் கட்டினார்கள். சுருட்டியவர்களில் சிறுவர்களும் இளம்பெண்களும் இருந்தார்கள்.

தோட்டாவை நாம் சினிமாவில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அதன் உள்ளே இருக்கும் மருந்தை அளந்தது யார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சீனா, ஜப்பான், பழவேற்காடு, லண்டன், அமெரிக்கப் புல்வெளி என்று சுற்றி, கடைசியில் துப்பாக்கி சுடும் களத்தில் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆளிடம் வந்து சேர்வோம்.

வெடிமருந்து சீனர்களின் கண்டுபிடிப்பு. 1044-இல் அங்கே தொகுக்கப்பட்ட ஒரு போர்க்கலை நூலிலேயே அதன் செய்முறை எழுதப்பட்டுவிட்டது. கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்த அந்தக் கறுப்புத் தூள் மேற்கே பயணப்பட்டு, இரும்புக் குழாய்க்குள் புகுந்து, மறுபடி கிழக்கே கப்பலேறியது. 1543-இல் புயலில் சிக்கிய ஒரு சீனக் கப்பல் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் ஒதுங்கியது. அதில் சில போர்ச்சுக்கீசியரும் இருந்தார்கள். தீவின் இளந்தலைவர் தொகிதாகா அவர்களிடமிருந்த இரண்டு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி, உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து, இதேபோலச் செய் என்றார். கொல்லருக்குக் குழாய் வந்துவிட்டது. அதன் அடியை அடைக்கும் திருகு மட்டும் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு போர்ச்சுக்கீசியர் வந்து சொல்லிக்கொடுத்த பிறகு நகல் முழுமையடைந்தது. சில பத்தாண்டுகளில் ஜப்பானியர் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கினார்கள். ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும் சிறு குழல்களும் அங்கே புழக்கத்துக்கு வந்தன. எடுத்துச் செல்லக்கூடிய நிரப்புக் கருவி என்று சொன்னால் அந்தக் குழலும் அந்த வம்சம்தான்.

ஐரோப்பாவிலும் ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து நிரப்புவது பெரிய தலைவலியாக இருந்தது. 1607-இல் யாக்கோப் தெ கெய்ன் என்ற ஓவியர் படம் படமாக வரைந்து வெளியிட்ட பயிற்சிக் கையேட்டில், துப்பாக்கியை ஒரு முறை நிரப்பிச் சுட நாற்பதுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. கொம்புக் குடுவையிலிருந்து மருந்தைக் கொட்டும்போது கை நடுங்கினால் அளவு தவறும். அளவு தவறினால் ஒன்று குண்டு பாதி வழியில் விழும், இல்லையென்றால் குழாய் வெடிக்கும். இதற்குத் தீர்வாக, தோளில் குறுக்காக மாட்டிய வாரில் சின்னச் சின்ன மரக்குப்பிகளைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு முறைக்கான மருந்து இருக்கும். வழக்கமாகப் பன்னிரண்டு குப்பிகள் என்பதால் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்று கிண்டலாகப் பெயர் வந்தது. நடந்தால் கடகடவென்று சத்தம் போட்டு எதிரிக்குத் தகவல் சொன்ன அப்போஸ்தலர்கள் அவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃபின் படைகள் மருந்தையும் குண்டையும் ஒரே காகிதச் சுருளுக்குள் வைத்துக் கட்டியபோது குப்பிகளின் காலம் முடியத் தொடங்கியது.

அந்தச் சுருளுக்குள் போன மருந்தில் நம் மண்ணும் கலந்திருந்தது. வெடிமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. அது பிகார் கிராமங்களின் பழைய மண்சுவர்களையும் தொழுவங்களையும் ஒட்டிப் பூத்தது. நோனியா சமூகத்தினர் அதைச் சுரண்டி எடுத்துக் காய்ச்சிப் படிகமாக்கினார்கள். பாட்னாவிலிருந்து கங்கை வழியாகக் கடலுக்குப் போன மூட்டைகள் ஐரோப்பியக் கப்பல்களின் அடித்தட்டில் ஏறின. துணியும் மிளகும் எடை குறைவு. கப்பல் ஆடாமலிருக்க அடியில் பாரம் வேண்டும். வெடியுப்பு பாரமும் ஆயிற்று, சரக்கும் ஆயிற்று. டச்சுக்காரர்கள் ஒருபடி மேலே போய், 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, அங்கேயே வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். சோழமண்டலக் கரையில் அரைபட்ட தூள் கீழைக் கடல்களில் வெடித்தது.

தென்காசிச் சீமையிலும் அந்த வெடிச்சத்தம் கேட்டது. 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து பாளையக்காரர் புலித்தேவரிடம் வரி கேட்டதிலிருந்து, 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்ததுவரை, பாளையக்காரர்களின் ஈட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் எதிரே நின்றது கம்பெனிச் சிப்பாயின் இடுப்புப் பையிலிருந்த காகிதத் தோட்டா. மருந்தைக் கொம்பிலிருந்து அளந்து போடுகிறவனுக்கும், சுருளைப் பல்லால் கடித்துத் திறந்து கொட்டுகிறவனுக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்! போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் வந்த கம்பெனி அறிவிப்பு பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. அளக்கும் உரிமை அத்தோடு இங்கே அரசாங்கத்தின் கைக்குப் போனது.

கதையின் மிக விநோதமான திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. அப்போதைய குண்டு உருண்டையானது. குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். ஆனால் அந்த இடைவெளி வழியே காற்று தப்பிவிடும், குறியும் தப்பிவிடும். பிரிட்டிஷாரின் 34-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் சிறு அம்புகளை ஊதி வேட்டையாடுவதைப் பார்த்தார் என்று துப்பாக்கி வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அம்பின் அடியில் நெட்டி போன்ற மெல்லிய தக்கை இருந்தது. ஊதியவுடன் அது விரிந்து குழலை அடைத்துக்கொண்டு, மூச்சு ஒரு துளியும் வீணாகாமல் அம்பைத் தள்ளியது. 1823-இல் நார்ட்டன் இதே தத்துவத்தில் அடிப்பகுதி குழிந்த கூர்நுனிக் குண்டு ஒன்றை வடிவமைத்தார். மருந்து வெடித்ததும் குழிந்த அடி விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். மேலிடம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு நடந்தது நகலெடுப்பவர்களின் திருவிழா. 1836-இல் வில்லியம் கிரீனர் என்ற ஆங்கிலத் துப்பாக்கித் தயாரிப்பாளர் அந்த யோசனையை மேம்படுத்தினார். அவரையும் ஒதுக்கினார்கள். 1849-இல் பிரெஞ்சு அதிகாரி கிளோத் மினியே அதேபோன்ற ஒரு குண்டைக் கொண்டுவந்தபோது, பிரிட்டிஷ் அரசு அவருக்கு 20,000 பவுண்டு கொடுத்து உரிமை வாங்கியது. தன் யோசனைக்குப் பக்கத்து நாட்டுக்காரனுக்குப் பணமா என்று கிரீனர் சண்டை போட்டதில் அவருக்கு 1857-இல் 1,000 பவுண்டு கிடைத்தது. ஊதுகுழலின் சொந்தக்காரர்களுக்கு யாரும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

அந்த வகைக் குண்டைத் தாங்கிய என்ஃபீல்டு தோட்டாதான் அதே 1857-இல் இந்தியாவைப் பற்றவைத்தது. இறுக்கமாக உள்ளே இறங்குவதற்காகக் காகிதத்தின் வெளிப்புறம் கொழுப்பு பூசியிருந்தார்கள். அது பசுவுடையதா பன்றியுடையதா என்ற பேச்சு கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைத்தளத்திலிருந்து பரவியது. பதறிய அதிகாரிகள், கொழுப்பில்லாத தோட்டாக்களைத் தருகிறோம், உங்களுக்குப் பிடித்த நெய்யையோ எண்ணெயையோ நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சியையும் மாற்றினார்கள். சிப்பாயின் கையிலிருந்து பிடுங்கிய வேலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். காலம் கடந்துவிட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். அவர் இருந்த வங்காளக் காலாட்படையின் எண்ணும் 34. நார்ட்டனின் படைக்கும் இதற்கும் எண்ணைத் தவிர வேறு உறவில்லை.

மருந்தையும் குண்டையும் ஒன்றாகக் கட்டியாயிற்று. பற்றவைக்கும் நெருப்பு இன்னும் தனியாகத்தான் இருந்தது. அதற்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருக்கு வாத்து வேட்டையில் பித்து. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டதும் பறவைகள் பறந்துவிடுகின்றனவே என்ற ஆற்றாமையில், அடித்தாலே வெடிக்கும் ரசாயனப் பொடியைத் துப்பாக்கியில் புகுத்தி 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து, அத்தகைய பொடியை உள்ளே வைத்த செப்புக் கேப்பு வந்தது. வாஷிங்டன் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்டு, 1845-இல் வெடிப்பொட்டுகளை வரிசையாக ஒட்டிய காகித நாடாவையே சுருளாக்கித் துப்பாக்கிக்குள் வைத்தார். மழையில் நனைந்து நமுத்துப்போனதால் படையில் அது நீடிக்கவில்லை. ஆனால் அந்தச் சுருள் சாகவில்லை. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் தகரத் துப்பாக்கியில் மாட்டிப் பட்பட்டென்று வெடிக்கும் ரோல் கேப் அதன் வாரிசு. நமக்குப் பக்கத்திலேயே சிவகாசியில் அது இன்றும் தயாராகிறது.

சுருட்டிய கைகளின் கதை எப்போதும் இவ்வளவு வேடிக்கையாக இருந்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிட்ஸ்பர்க் நகரின் அலெகெனி ஆயுதச்சாலையில் தோட்டா சுருட்ட இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். விரல் மெல்லியது, கூலியும் குறைவு. 1862 செப்டம்பர் 17 அன்று அங்கே நிகழ்ந்த வெடிவிபத்தில் 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். அன்றைக்கே ஆன்டீட்டம் என்ற இடத்தில் அந்தப் போரின் மிகக் கொடிய நாள் சண்டையும் நடந்ததால், செய்தித்தாள்களில் இவர்களுக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

காகிதம் போய்ப் பித்தளை வந்தது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த .22 தோட்டாவில் கூடு, கேப்பு, மருந்து, குண்டு எல்லாம் ஒரே உடம்பு. ரைஃபிள் கிளப்புகளில் இன்றும் அதன் தம்பிகள்தான் அதிகம் சுடப்படுகின்றன. அதற்கு ஒரு குணம் உண்டு: வெடிப்பொடி கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால், சுட்ட பிறகு கூடு பயனற்றது. பெரிய தோட்டாக்களுக்குக் கூட்டின் நடுவில் தனிக் கேப்பு வைக்கும் முறை 1866 வாக்கில் இரண்டு விதமாக வந்தது. அமெரிக்கரான ஹைரம் பெர்டான் ஒன்றைச் செய்தார், வுல்விச் ஆயுதச்சாலையின் ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸர் மற்றொன்றைச் செய்தார். பெர்டானுடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. பாக்ஸருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பாக்ஸர் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை. ஒரு ஊசியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய கேப்பு விழுந்துவிடும், புதியதை அமர்த்தலாம். கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் தழைத்து ஐரோப்பாவில் மெலிந்ததற்கு இந்தத் துளையும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் 1870-களில் எருமை வேட்டைக்காரர்கள் புல்வெளியில் மாதக்கணக்கில் கூடாரமடித்துக் கிடந்தார்கள். கடை நூறு மைலுக்கு அப்பால். சுட்ட கூடுகளைப் பொறுக்கி இரவில் நெருப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து நிரப்பிக்கொள்வது பிழைப்பின் பகுதியானது. 1884-இல் நியூஹேவன் நகரில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி வடிவத்தில் ஒரு கருவியை விற்றது. கேப்பு கழற்றுவது, மாட்டுவது, குண்டை அமர்த்துவது எல்லாம் அந்த ஒரே இடுக்கியில் முடியும். சிலவற்றில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும் அச்சும் நுனியிலேயே இருந்தது. 1925-இல் லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கியது. இடுக்கியின் வடிவம் மாறவில்லை.

இரண்டாம் உலகப்போரில் குண்டுகள் கடையில் கிடைக்காமல் போயின. கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்ற இளைஞர், மறுபடி பயன்படாத .22 வெற்றுக்கூடுகளையே குண்டின் மேலுறையாக அழுத்தி மாற்றும் அச்சுகளைச் செய்தார். அவர் குறிவைத்த மர்மோட் என்ற விலங்குக்கு ‘ராக் சக்’ என்று பெயர். அதோடு புல்லட், ஸ்வேஜ் என்ற சொற்களையும் சேர்த்து முதலெழுத்துகளாக்கி உண்டானதுதான் ஆர்சிபிஎஸ் நிறுவனம். 1958-இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையில் இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். லீ லோடர் என்ற அந்தக் கருவி ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும். மேசையில் திருக வேண்டியதில்லை, ஒரு சுத்தியல் போதும்.

அதற்குள் நிரப்புவதன் நோக்கமும் மாறிவிட்டிருந்தது. முதலில் பஞ்சத்துக்காக, பிறகு சிக்கனத்துக்காக, கடைசியில் துல்லியத்துக்காக. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அமெரிக்காவில் நடத்திய ஷூட்சன் போட்டிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே ஒரே பித்தளைக் கூட்டைப் போட்டி முழுக்கத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டவர்கள் உண்டு. துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் இன்றைய பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் அவர்களின் வழித்தோன்றல்கள். காலைக் குளிரில் பொருந்திய மருந்தளவு மதிய வெயிலில் பொருந்தாது. ஆகவே இரண்டு சுற்றுகளுக்கு நடுவே களத்திலேயே உட்கார்ந்து அளவைத் திருத்துகிறார்கள்.

களத்துக்கு எதை எடுத்துப் போவது என்பதில்தான் அவர்களின் வாதங்கள். வீட்டு மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கனமான பிரஸ் வேண்டாம். கையால் அழுத்தும் சின்ன ஆர்பர் பிரஸ்ஸும், திருகில்லாமல் அதற்குள் நிற்கும் கை அச்சுகளும் போதும். எடைத் தராசு களத்தில் உதவாது. லேசான காற்றே அதை ஆட்டிவிடும், மின்னணுத் தராசுக்கோ வெப்பம் மாறினால் புத்தி மாறும். ஆகவே எடையை விட்டுவிட்டு, கனஅளவால் அளக்கும் உருளைக் கருவியை மேசை விளிம்பில் இறுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். அப்போஸ்தலர் குப்பியும் கனஅளவுதான். நானூறு ஆண்டு சுற்றி அங்கேயே வந்திருக்கிறார்கள். மேசையில் ஒரே வகை மருந்துதான் இருக்க வேண்டும், புகைபிடிப்பவர் பக்கத்தில் வரக்கூடாது, நிரப்பும்போது பேச்சு கூடாது, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் எந்தக் கருவியை வாங்கினாலும் கூடவே வரும்.

இந்தியாவில் கதை வேறு திசையில் போனது. கறுப்புத் தூளுக்குப் பதிலாகப் புகையில்லாத கார்டைட் என்ற மருந்தை ஏபெல், டீவர் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் 1889-இல் உருவாக்கினார்கள். இது என் கண்டுபிடிப்பின் நகல் என்று ஆல்ஃபிரட் நோபல் வழக்குப் போட்டு, 1895-இல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். வென்ற மருந்தைச் செய்வதற்கு 1903-இல் நீலகிரியின் அருவங்காட்டில் தொழிற்சாலை எழும்பியது, இன்றும் ஓடுகிறது. மருந்து நம் மலையிலேயே தயாரானாலும், அதைத் தொடும் உரிமை 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் சுடப் பழகியது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. அமெரிக்கரின் களப்பெட்டியை அப்படியே இங்கே விரித்து உட்கார முடியாது.

ஒலிம்பிக் .22 வீரர்களுக்கும் அந்தப் பெட்டி பயன்படாது, விளிம்புக் கூட்டை நிரப்ப முடியாதே. அவர்கள் தலைகீழாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தில் எலி, ஜெர்மனியில் லபுவா நிறுவனங்களின் சோதனைக் களங்களுக்குப் போகிறார்கள். தயாரிப்புத் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழாய்க்கு ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கிவருகிறார்கள். அளப்பது தொழிற்சாலை, தேர்ந்தெடுப்பது மட்டும் வீரரின் கை.

பாவூர்சத்திரத்துப் பிள்ளை ஒருவருக்கு இந்த விளையாட்டில் ஆசை வந்தால், முதல் கருவி ஏர் ரைஃபிள்தான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அளவைத் தாண்டாத, 20 ஜூலுக்கு மேல் விசையில்லாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு வைக்கக்கூடிய பாதுகாப்பான கூடம் கிடைத்தால் பயிற்சி தொடங்கலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளை வென்றது இந்தப் பிரிவில்தான். இதில் வெடிமருந்தே கிடையாது, அளக்கவும் ஒன்றுமில்லை. ஈய ரவையின் அடிப்பக்கம் பாவாடைபோல் குழிவாக இருக்கும். காற்று தள்ளியதும் அது விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். நார்ட்டன் இங்கே பார்த்ததாகச் சொல்லப்படும் ஊதுகுழல் அம்பின் வித்தை அதேதான். இரண்டு கண்டங்கள் சுற்றி, இரண்டு பேருக்குப் பணம் பெற்றுத் தந்துவிட்டு, இறக்குமதிச் சரக்காகத் திரும்பி வந்திருக்கிறது.